சர்வர் போக்குவரத்தைப் பாரமின்றிக் கவனிக்கும் முறை

அன்புள்ள தம்பிக்கு,

1964-இல் அமைந்த தொழிற்பேட்டையால் பெயர்பெற்ற அம்பத்தூரில் இன்று என்டிடி, எஸ்டிடி போன்ற நிறுவனங்களின் தரவு மையங்களும் இயங்குகின்றன. அங்கெல்லாம் நெட்வொர்க் போக்குவரத்தைக் கவனிக்கத் தனிக் கருவிகளும் தனிக் குழுவும் உண்டு. ஆவடியிலோ பூந்தமல்லியிலோ ஒரு சிறு தொழிற்கூடத்தின் கணக்கு, மின்னஞ்சல், பேக்கப் அனைத்தையும் சுமக்கும் ஒற்றை லினக்ஸ் சர்வருக்குப் பொறுப்பேற்பவருக்கு அந்த வசதி இல்லை என்பதால், சர்வருக்குச் சுமையாகாத கண்காணிப்பைக் கற்றுக்கொள்வது தம்பிக்கு முதல் கடமையாகிறது.

எண்ணுவது வேறு, பிரித்துப் பார்ப்பது வேறு என்பதே இதன் அடிப்படை. தொழிற்சாலை வாசலில் வந்துபோகும் லாரிகளைப் பதிவேட்டில் குறிப்பது எளிது. ஒவ்வொரு லாரியின் தார்ப்பாயையும் அவிழ்த்துச் சோதித்தால் வேலையே நின்றுவிடும். இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல், ஒவ்வொரு நெட்வொர்க் இடைமுகத்திலும் உள்ளே வந்த, வெளியே சென்ற பைட்டுகளை யாரும் கேட்காமலே எண்ணி வைக்கிறது. லினக்ஸில் 'ப்ராக்' அடைவுக்குள், 'நெட்' அடைவில் உள்ள 'டெவ்' கோப்பைத் திறந்தால் அந்த எண்கள் தெரியும். மற்ற யூனிக்ஸ் வகைகளில் 'நெட்ஸ்டாட்' கட்டளை அவற்றைக் காட்டும். 60 வினாடி இடைவெளியில் இருமுறை படித்து, வேறுபாடு 7,50,00,000 பைட் என்றால், அதை 8-ஆல் பெருக்கி 60-ஆல் வகுக்க, வினாடிக்கு 10 மெகாபிட் என்ற வேகம் கிடைத்துவிடும்.

இதே எண்களைத் தொடர்ந்து படித்து, மணி, நாள், மாத வாரியாகச் சேமித்துத் தருவது 'விஎன்ஸ்டாட்' என்னும் இலவச மென்பொருள். நெட்வொர்க்கில் செல்லும் தரவுத் துண்டுகளான பாக்கெட்டுகள் எதையும் அது பிடிப்பதில்லை என்பதால் பழைய இயந்திரத்திலும் அதன் சுமை தெரியாது. சொந்தமாக ஸ்கிரிப்ட் எழுதினால் ஒன்றில் எச்சரிக்கை தேவை: பழைய 32 பிட் கவுண்டர் 4,29,49,67,296-ஐ எட்டியதும் மீண்டும் சுழியத்திலிருந்து தொடங்கும், 100 மெகாபிட் இணைப்பு முழு வேகத்தில் ஓடினால் ஆறு நிமிடத்துக்குள் அது நிகழ்ந்துவிடும் என்பதால், வாசிப்புகளுக்கிடையிலான இடைவெளி அதைவிடக் குறைவாக இருக்க வேண்டும்.

எண் வழக்கத்துக்கு மாறாக இருந்தால் மட்டுமே அடுத்த படிக்குச் செல்லலாம். எந்த முகவரியோடு பேச்சு நடக்கிறது என்பதை 'இஃப்டாப்' காட்டும். எந்த நிரல் அதைச் செய்கிறது என்பதை 'நெட்ஹாக்ஸ்' காட்டும். 'இஃப்டாப்' முகவரிகளுக்குப் பெயர் தேடி டிஎன்எஸ் கேள்விகளைத் தானே அனுப்பும் இயல்புடையது. ஆகவே பெயர் தேடலை நிறுத்திவிட்டு இயக்கி, பார்க்க வேண்டியதைப் பார்த்ததும் மூடிவிடுவது நல்லது.

1988-இல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் உருவான 'டிசிபிடம்ப்' கடைசிக் கருவியாகவே இருக்கட்டும். அது பாக்கெட்டுகளையே பிடித்துக் காட்டுவதால், மறைகுறியாக்கம் இல்லாத இணைப்பில் பிறருடைய கடவுச்சொல்லும் கடிதமும் கண்ணில் படக்கூடும். உரிமையாளரின் அனுமதி பெற்று, குறிப்பிட்ட முகவரி, போர்ட், எண்ணிக்கை என வரம்பிட்டுப் பிடித்து, வேலை முடிந்ததும் அந்தக் கோப்பை அழித்துவிடுவதே முறை.

இந்தக் கண்காணிப்பு சட்டக் கடமைக்கும் உதவும். 2022 ஏப்ரல் 28-இல் இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவு, கணினிப் பதிவுகளை 180 நாட்கள் காக்கவும், பட்டியலிட்ட பாதுகாப்புச் சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் நிறுவனங்களைப் பணிக்கிறது. போக்குவரத்துக் கணக்கு அந்தப் பதிவுகளுக்கு மாற்றாகாது. ஆனால் எந்த இரவின் பதிவை முதலில் திறக்க வேண்டும் என்பதை அது காட்டிவிடும், ஆறு மணி நேரக் கெடுவில் அதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

ஆகவே பொறுப்பேற்ற முதல் மாதமே விஎன்ஸ்டாட்டை நிறுவி, பகல் உச்சம், இரவு பேக்கப், ஞாயிற்றுக்கிழமை ஓய்வு ஆகியவற்றின் வழக்கமான அளவைத் தம்பி எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். வழக்கத்தை அறிந்தவருக்கே மாற்றம் புலப்படும்.

அன்புடன்,
அண்ணன்