50 வாட் எங்கே போயிற்று?



1989ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், அமெரிக்காவின் சிகாகோ நகரில் நடந்த மோட்டார் கண்காட்சியில் ஜப்பானின் மாஸ்டா நிறுவனம் ஒரு சிறிய ஸ்போர்ட்ஸ் காரை அறிமுகப்படுத்தியது. அதன் பெயர் எம்.எக்ஸ்.-5. இரண்டே இருக்கைகள், பின்னால் மடக்கி வைக்கக்கூடிய மென்மையான கூரை, 1.6 லிட்டர் எஞ்சின். எடையோ 1,000 கிலோகிராமுக்கும் சற்றுக் குறைவு. பெரும் பணக்காரர் அல்லாதவரும் வாங்கக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார் என்பதால் அது உலகெங்கும் விற்றது. 2016இல் 10 லட்சமாவது வண்டி தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது.

அமெரிக்காவில் ஒரு கல்லூரி மாணவன், பகுதிநேர வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் இத்தகைய பழைய வண்டி ஒன்றை வாங்கியிருக்கிறான் என்று எண்ணிக்கொள்வோம். வண்டி நன்றாக ஓடுகிறது. ஆனால் வேகம் கூடினால் வானொலிப் பாட்டு காதில் விழுவதில்லை. கையில் மிச்சமிருப்பது சிறு தொகை. கடையில் மூன்று பொருள்களைப் பார்க்கிறான். ஒன்று, '50 வாட் × 4' என்று பெரிய எழுத்தில் அச்சிட்ட புதிய வானொலி செட். இரண்டாவது, ஒரு ஜோடி நல்ல ஸ்பீக்கர்கள். மூன்றாவது, கதவுக்குள் ஒட்டும் ரப்பர்த் தகடுகளும் பஞ்சுப் பட்டைகளும். ஏதேனும் ஒன்றுக்கே பணம் போதும். எதை வாங்கலாம்?

நம்மில் பலரும் 50 வாட் செட்டையே வாங்குவோம். அவசரப்படாமல் சற்றுக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓம் விதியும் மடக்கையும் தெரிந்தால் போதும்.

பெட்டியின் மேல் ஓர் எண், உள்ளே ஓர் எண்

எஞ்சின் ஓடும்போது காரின் மின்சுற்றில் கிடைக்கும் மின்னழுத்தம் சுமார் 14.4 வோல்ட். கார் ஸ்பீக்கரின் மின்தடை வழக்கமாக 4 ஓம். பாட்டு என்பது மின்சுற்றில் மாறுமின்னோட்டமாகவே செல்கிறது. செட்டுக்குள் இருக்கும் ஆம்ப்ளிஃபயர் எவ்வளவு சிறந்ததாயினும், மின்னழுத்தத்தை உயர்த்தும் தனிச் சுற்று அதில் இல்லாவிட்டால், அதன் அலையின் உச்சம் 14.4 வோல்ட்டைத் தாண்ட இயலாது. குடத்தில் உள்ள நீருக்கு மேல் மொள்ள முடியுமா?

சைன் அலையின் பயனுறு மதிப்பைக் காண, உச்சத்தை √2ஆல் வகுக்க வேண்டும். 14.4 ÷ 1.414 = 10.2 வோல்ட். திறன் என்பது மின்னழுத்தத்தின் வர்க்கத்தை மின்தடையால் வகுத்துக் கிடைப்பது. ஆகவே 10.2 × 10.2 ÷ 4 = 26 வாட். டிரான்சிஸ்டர்களில் ஏற்படும் இழப்பைக் கழித்தால் ஒரு ஸ்பீக்கருக்கு ஏறத்தாழ 20 வாட்டே தெளிவான ஒலியாகக் கிடைக்கும்.

அப்படியானால் 50 எங்கிருந்து வந்தது? √2ஆல் வகுக்காமல் விட்டுப் பாருங்கள். 14.4 × 14.4 ÷ 4 = 52 வாட்! ஆம்ப்ளிஃபயரை அதன் எல்லைக்கு மீறி முடுக்கினால், சைன் அலையின் தலையும் அடியும் வெட்டப்பட்டுச் சதுர அலை போல் ஆகிவிடும். அந்த நிலையில் கிடைக்கும் திறன் அது. அப்போது காதில் விழுவது பாட்டன்று, கரகரப்பு. பெட்டியின் மேல் உள்ள எண் முழுப் பொய்யில்லை. ஆனால் கேட்கத் தகுந்த பாட்டுக்கு உரிய எண்ணும் அதுவன்று.

இருமடங்கு திறன், இருமடங்கு ஒலியா?

மாணவனின் பழைய செட் ஒரு ஸ்பீக்கருக்கு 10 வாட் தருகிறது என்று கொள்வோம். புதியது 20 வாட் தரும். ஒலி இருமடங்காகுமா? ஆகாது. நம் காது மடக்கை அளவில் கேட்கும் உறுப்பு. திறன்களின் விகிதத்துக்கு மடக்கை கண்டு 10ஆல் பெருக்கினால் டெசிபெல் கிடைக்கும். 20ஐ 10ஆல் வகுத்தால் 2. அதன் மடக்கை 0.301. எனவே உயர்வு 3 டெசிபெல். கூர்ந்து கேட்டால் 'சற்றுக் கூடியிருக்கிறது' என்று தோன்றும், அவ்வளவே. உரப்பு இருமடங்கானதாக ஒருவர் உணர ஏறத்தாழ 10 டெசிபெல் உயர வேண்டும். அதாவது திறன் 10 மடங்கு கூட வேண்டும்.

விற்பனையாளர் சொல்லாத எண்

ஸ்பீக்கர் பெட்டியின் பின்புறத்தில் சிறிய எழுத்தில் இன்னொரு எண் இருக்கும். அது உணர்திறன் எனப்படும். 1 வாட் கொடுத்து, 1 மீட்டர் தொலைவில் அளந்தால் எத்தனை டெசிபெல் ஒலி கிடைக்கிறது என்பதே அது. கார் ஸ்பீக்கர்களில் 86 டெசிபெல் உடையவையும் உண்டு, 92 டெசிபெல் உடையவையும் உண்டு. வேறுபாடு வெறும் 6 என்று தள்ளிவிடாதீர்கள். 3 டெசிபெல்லுக்கு இருமடங்கு என்றால் 6 டெசிபெல்லுக்கு நான்கு மடங்கு. 86 உள்ள ஸ்பீக்கரைக் கழற்றி 92 உள்ளதைப் பொருத்தினால், பழைய 10 வாட் செட்டே 40 வாட் செட் போல் பாடும்!

இதன் காரணம் வியப்பானது. 92 டெசிபெல் ஸ்பீக்கர் தான் பெறும் மின்னாற்றலில் நூற்றில் ஒரு பங்கையே ஒலியாக்குகிறது. 86 டெசிபெல் ஸ்பீக்கரோ நூற்றில் கால் பங்கை மட்டும். மீதி முழுவதும் கம்பிச் சுருளில் வெப்பமாகிறது.

கதவும் ஓர் இசைக்கருவி

இனி ஒரு சோதனை. பழைய வானொலிப் பெட்டியிலிருந்து எடுத்த ஸ்பீக்கர் ஒன்றைக் கையில் பிடித்துப் பாட வையுங்கள். குரல் கேட்கும், மேளத்தின் கனம் இராது. இப்போது ஒரு பெரிய அட்டையில் ஸ்பீக்கரின் வாய் அளவுக்கு வட்டமாகத் துளையிட்டு, அதன்மேல் இடைவெளியின்றி ஸ்பீக்கரை அழுத்திப் பிடியுங்கள். மேளம் திடீரென்று எழும். கூடுதலாக ஒரு வாட்டும் செலவாகவில்லை.

ஸ்பீக்கரின் கூம்பு முன்னோக்கி வரும்போது முன்னால் காற்று நெருங்குகிறது, பின்னால் தளர்கிறது. இரு அலைகளும் எதிர்க்கட்டத்தில் உள்ளன. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 340 ÷ 50 = 6.8 மீட்டர். அத்தனை நீண்ட அலைக்கு ஸ்பீக்கரின் விளிம்பைச் சுற்றி வரும் சில அங்குலப் பாதை ஒரு பொருட்டேயில்லை. ஆகவே பின்னலை முன்னால் வந்து முன்னலையை அழித்துவிடுகிறது. அட்டை அந்த வழியை அடைக்கிறது.

எம்.எக்ஸ்.-5 வண்டியின் ஸ்பீக்கர் கதவில் இருக்கிறது. கதவின் உள்தகட்டிலோ, தொழிற்சாலை வேலைக்காக விட்ட பெரிய துளைகள் பல உள்ளன. அவற்றைத் தகடு வைத்து மூடி, ஸ்பீக்கருக்கும் கதவுக்கும் இடையே ஒரு மரவளையம் வைத்து இடைவெளியை அடைத்தால் அட்டைச் சோதனை காரிலேயே நடக்கும். தகரம் தானாக அதிர்ந்து சத்தமிடாதிருக்க அதன் நடுப்பகுதியில் ரப்பர்த் தகடு ஒட்ட வேண்டும். முழுப் பரப்புக்கும் ஒட்டத் தேவையில்லை. கால் பங்கே பெரும்பயன் தரும். எடை குறைவே ஸ்போர்ட்ஸ் காரின் உயிர் அல்லவா?

ஓர் எச்சரிக்கை: சன்னல் வழியே இறங்கும் மழைநீர் வெளியேற, கதவின் அடியில் சிறு வடிகால் துளைகள் இருக்கும். அவற்றை அடைத்தால் கதவு துருப்பிடித்துவிடும். ஈரத்தைக் கருதி, காகிதக் கூம்புக்குப் பதில் பிளாஸ்டிக் கூம்பு உள்ள ஸ்பீக்கரைத் தேர்வதும் நன்று.

இரைச்சலைக் குறைப்பதும் திறனைக் கூட்டுவதே

பாட்டு கேட்காமற்போவது அது மெலிந்ததால் மட்டுமன்று, இரைச்சல் அதை மூடுவதாலும்தான். காற்று, சக்கரம், எஞ்சின் மூன்றும் சேர்ந்த இரைச்சல் 3 டெசிபெல் குறைந்தால், ஆம்ப்ளிஃபயரின் திறனை இருமடங்காக்கிய பலன் கிட்டும். தேய்ந்துபோன சன்னல் ரப்பரை மாற்றுவது, கதவின் உட்புறப் பலகைக்குப் பின் பஞ்சுப் பட்டை வைப்பது ஆகியவை மிக மலிவான வழிகள்.

இன்னொரு வழியை அந்த வண்டியை வடிவமைத்தவர்களே கண்டிருந்தார்கள். முதல் தலைமுறை எம்.எக்ஸ்.-5 வண்டிகள் சிலவற்றில், இருக்கையின் தலைசாய்ப்புக்குள்ளேயே சிறு ஸ்பீக்கர்கள் வைக்கப்பட்டன. ஒலியின் செறிவு தொலைவின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் அமையும். தொலைவு பாதியானால் 6 டெசிபெல் உயர்வு. கதவில் 80 செ.மீ. தொலைவில் உள்ள ஸ்பீக்கரைக் காதுக்கு 10 செ.மீ. அருகே கொண்டுவந்தால், மூன்று முறை பாதியாகி 18 டெசிபெல் கிடைக்கும். இது 64 மடங்கு திறனுக்குச் சமம்! மூடிய அறையில் சுவர்கள் ஒலியை எதிரொலிப்பதால் பயன் இதைவிடக் குறையும். கூரை திறந்த காரிலோ இவ்விதி ஏறக்குறைய அப்படியே பொருந்தும்.

பிற்பாடு ஆம்ப்ளிஃபயர் வாங்கினால்

பணம் சேர்ந்தபின், மின்னழுத்தத்தை உயர்த்தும் சுற்றுள்ள தனி ஆம்ப்ளிஃபயர் ஒன்றை மாணவன் வாங்குவதாகக் கொள்வோம். அது 12 ஆம்பியர் இழுக்கும். முதல் தலைமுறை எம்.எக்ஸ்.-5இன் பாட்டரி, எஞ்சின் அருகே இல்லாமல் பின்புறச் சாமான் பெட்டியில் இருக்கிறது. அங்கிருந்து 5 மீட்டர் செம்புக் கம்பி தேவை என்று வைத்துக்கொள்வோம். 1 ச.மி.மீ. குறுக்குப் பரப்புள்ள கம்பியின் மின்தடை 0.085 ஓம். 12 ஆம்பியர் பாய்ந்தால் 1 வோல்ட் வழியிலேயே போய்விடும், 12 வாட் கம்பியைச் சூடாக்கும். 4 ச.மி.மீ. கம்பியானால் இழப்பு கால் வோல்ட்டே.

கம்பியைவிட முக்கியமானது ஃபியூஸ். அதைப் பாட்டரிக்கு மிக அருகில் வைக்க வேண்டும். தகட்டில் உராய்ந்து கம்பியின் உறை கிழிந்தால், பாட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைப் பாய்ச்சும். கம்பி பழுத்துத் தீப்பற்றும். ஆம்ப்ளிஃபயர் அருகே ஃபியூஸ் வைத்தால், அதற்கு முன்னுள்ள 5 மீட்டர் கம்பிக்கு யார் காவல்?

எந்தக் கடையிலும் கிடைக்காத பொருள்

மாணவன் இவ்வளவும் செய்துவிட்டான். கூரையைத் திறந்து நெடுஞ்சாலையில் போகிறான். திறந்த கார்களில், மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில், ஓட்டுநரின் காதருகே இரைச்சல் 85 டெசிபெல்லைத் தாண்டுவது அளந்தறியப்பட்டுள்ளது. அது 87 என்று கொள்வோம். பாட்டு தெளிவாய்க் கேட்க அதற்கு மேல் 10 டெசிபெல் வேண்டுமென்றால், 97 டெசிபெல்.

தொழிற்சாலைப் பணியாளர்களின் செவி நலத்துக்காக அமெரிக்காவின் தேசியத் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நல நிறுவனம் வகுத்த வரம்பு ஒன்று உண்டு. நாளொன்றுக்கு 85 டெசிபெல்லில் 8 மணி நேரம். அதன்பின் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகும். 88இல் 4 மணி, 91இல் 2 மணி, 94இல் 1 மணி, 97இல் அரை மணி! நாம் மேலே பயன்படுத்திய அதே 3 டெசிபெல் கணக்கு இங்கே காதின் பக்கம் நின்று பேசுகிறது.

உட்செவியின் நத்தைச்சுருளில் மயிரிழை போன்ற நுண்ணிய முனைகளைக் கொண்ட செல்கள் உள்ளன. அவையே அதிர்வை நரம்புச் செய்தியாக்குகின்றன. மனிதரில் அவை ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. ஸ்பீக்கர் கெட்டால் புதிது வாங்கலாம். இச்செல்களுக்குக் கடையில்லை. அழிவு பெரும்பாலும் வலியின்றி நிகழ்வதால் தெரிவதுமில்லை. பயணம் முடிந்ததும் காதில் 'ஙொய்' என்று இரைந்தால், வரம்பு மீறப்பட்டது என்பதற்கு அதுவே அறிகுறி.

ஆகவே மாணவனுக்கு நாம் சொல்லும் வரிசை இது. முதலில் ரப்பர்த் தகடும் பஞ்சும். அடுத்து உணர்திறன் மிக்க ஸ்பீக்கர். அதன்பின் தேவைப்பட்டால் மட்டும் ஆம்ப்ளிஃபயர். நெடுஞ்சாலையில் பாட்டு வேண்டுமானால் கூரையை மூடிக்கொள்ளட்டும். கூரையைத் திறந்தால் காற்றின் பாட்டே போதும்.

ஸ்போர்ட்ஸ் கார் இல்லாத நமக்கும் இக்கணக்கு உதவும். 1990களில் நம் ஊர் டேப் ரெக்கார்டர்களின் மேல் 'பி.எம்.பி.ஓ.' என்ற பெயரில் நூற்றுக்கணக்கான வாட் அச்சிட்டிருந்ததை உங்கள் பெற்றோரிடம் கேட்டுப் பாருங்கள். அடுத்த முறை கடையில் யாரேனும் 'இத்தனை வாட்' என்றால், எத்தனை வோல்ட்டில், எத்தனை ஓமில் என்று கேளுங்கள். விடை வரவில்லையெனில் நீங்களே வர்க்கித்து வகுத்துவிடலாம்.

சிந்தித்து விடை காண்க

1. 12 வோல்ட் பாட்டரி, 8 ஓம் ஸ்பீக்கர். மின்னழுத்தத்தை உயர்த்தும் சுற்று இல்லை. சைன் அலையில் கிடைக்கக்கூடிய உச்ச அளவுத் திறன் எவ்வளவு?

2. 89 டெசிபெல் ஸ்பீக்கருக்கு 40 வாட் கொடுப்பதும், 95 டெசிபெல் ஸ்பீக்கருக்கு 10 வாட் கொடுப்பதும் ஒன்றா?

3. 100 டெசிபெல் ஒலியை ஒரு நாளில் எத்தனை நிமிடம் கேட்கலாம்?