வினாத்தாளோடு உப்பளத்தில் இறங்கும் தங்கைக்கு



மரக்காணம் உப்பளத்தில் எந்தச் சுபாவக்காரர் எந்தச் சின்னத்துக்கு வாக்களிக்கிறார் என்று ஆராயப்போவதாக எழுதியிருந்தாய். ஆராய வேண்டிய விஷயம்தான். ஆனால் ஐந்து பெருங்குணங்களை அளக்கும் அந்த 44 வாக்கியங்களை அப்படியே தமிழாக்கிக்கொண்டு போகாதே.

விடியுமுன் பாத்தியில் இறங்கிய ஓர் அம்மா, காலை வெயிலில் பலகையால் உப்பு வாரிக்கொண்டிருப்பார். வரப்பில் கங்காணி நிற்பார். 'நான் நிறையப் பேசுவேன்' என்று நீ படித்தால், 'ஆமாங்க' என்பார். 'நான் அமைதியானவள்' என்றாலும் 'ஆமாங்க'தான். அவர் பொய் சொல்லவில்லை. தேடி வந்த பெண்ணை மறுத்துப் பேச மனம் வராது. உன்னை யார் அனுப்பினார்களோ என்ற யோசனையும் இருக்கும். நீயோ அதை 'இணங்கிப்போகும் குணம்' என்று குறித்துக்கொண்டு வாக்கோடு முடிச்சுப் போடுவாய்.

இது உப்பளத்துச் சிக்கல் மட்டும் இல்லை. ரஷீத் லஜாஜும் மற்றவர்களும் 2019-இல் வெளியிட்ட ஆய்வைப் படி. 23 ஏழை, நடுத்தர வருமான நாடுகளில் நேரில் கேட்டு எடுத்த பதில்களில் அந்த ஐந்து குணங்கள் சரியாகப் பிரிந்து வரவில்லை. எதற்கும் 'ஆமாம்' சொல்லும் பழக்கம் ஒரு முக்கியக் காரணம். அதனால் ஒவ்வொரு கேள்விக்கும் எதிர்க்கேள்வி ஒன்று வை. 'புதிய அனுபவங்களை விரும்புவேன்' என்பதை விட்டுவிட்டு, 'வெளியூர் வேலைக்குக் கூப்பிட்டால் போவீங்களா, போயிருக்கீங்களா?' என்று கேள்.

புதுமை நாட்டம் உள்ளவர்கள் தாராளவாதப் பக்கமும், ஒழுங்கும் பொறுப்பும் மிகுந்தவர்கள் பழமைவாதப் பக்கமும் சாய்வதாக அமெரிக்காவில் கண்டார்கள். ஆனால் அரசியல் ஆய்வாளர் கெர்பர் குழுவின் 2010 ஆய்விலேயே வெள்ளையரிடமும் கறுப்பினத்தவரிடமும் இந்தத் தொடர்பு ஒரே மாதிரி இல்லை. சமூகமாகச் சேர்ந்து வாக்களிக்கும் இடத்தில் தனி சுபாவத்தின் குரல் தணிந்துவிடும் என்பது என் எண்ணம். நம் ஊரில் சாதி, உறவு, குத்தகைக்காரர் முகம் எல்லாவற்றையும் தாண்டித்தான் சுபாவம் பேச வேண்டும். எந்தக் கட்சி என்பதைவிட, யார் வாக்குச்சாவடிக்கே போகிறார், யார் கூட்டத்துக்குப் போகிறார் என்பதில் அதைத் தேடிப் பார்.

2013 ஏப்ரல் 25 சாதிக் கலவரத்தில் வீடுகள் எரிந்த ஊர் மரக்காணம். கட்சிப் பெயரைச் சொல்ல ஒருவர் தயங்கினால் 'கூச்ச சுபாவம்' என்று எழுதிவிடாதே. தேர்தல் ஆய்வு நடத்தும் லோக்நிதி அமைப்பு செய்வதுபோல, சின்னங்கள் அச்சிட்ட மாதிரி வாக்குச்சீட்டைக் கொடு. அவரே குறித்து மடித்துப் பெட்டியில் போடட்டும்.

கணினியில் ஏற்றும்போது எந்த எண் எந்தப் பக்கம் என்பதை இருவர் தனித்தனியாகச் சரிபாருங்கள். 2012-இல் ஒரு பெரிய அமெரிக்க இதழில் வந்த குணம்–அரசியல் கட்டுரையில் குறியீடு தலைகீழாகிவிட்டது. திருத்தம் 2016-இல்தான் வந்தது. அதற்குள் எத்தனையோ பேர் அதை மேற்கோள் காட்டிவிட்டார்கள்.

சாயங்காலமாக வீட்டுக்கே போய்க் கேள். கங்காணி அங்கே வரமாட்டார். முதல் பத்துத் தாள் நிரம்பியதும் அனுப்பு. எதிரெதிர்க் கேள்விகளை நாம் சேர்ந்து பார்க்கலாம்.

அன்புடன்,
அக்கா