ஊர்ப்பெயரில் விழுந்த முத்திரை

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கள்ளக்குறிச்சி என்று சொன்ன மாத்திரத்தில் 'சாராய ஊரா?' என்று விடுதித் தோழர்கள் சிரிப்பதாகவும், கருணாபுரத்தில் 2024 ஜூன் மாதத்தில் விஷச் சாராயம் குடித்துப் பலர் மாண்டதைக் கொண்டு ஒரு ஜில்லா முழுவதையுமே குடிகாரர் கூட்டமாக எண்ணிவிட்டதாகவும் மனம் நொந்து எழுதியிருக்கிறாய். உன் வருத்தம் நியாயமானது. ஆனால் அதே கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், 'காய்ச்சுவதெல்லாம் கல்வராயன் மலைக்காரர்கள். பழி மட்டும் எங்களுக்கா?' என்று நீயே எழுதியிருப்பதை இன்னொருமுறை படித்துப் பார். உன்மேல் விழுந்த முத்திரையின் சூடு ஆறுமுன்பே அதை வேறொருவர் முதுகில் வைத்துவிட்டாய். உன்னைக் கடிந்துகொள்வதற்காக இதைச் சொல்லவில்லை. நல்ல பிள்ளையான உன்னாலேயே விலக்க முடியாத இந்த சுபாவம் எப்படி உண்டாகிறது என்று ஆராய்வதற்காகவே எழுதுகிறேன்.

எதிர்ப்படும் ஒவ்வொருவரையும் புதிதாக விசாரித்து அறிந்த பிறகே அவரைப் பற்றி ஓர் அபிப்பிராயம் கொள்வது என்று வைத்துக்கொண்டால் மனிதனால் ஒரு நாளும் காலந்தள்ள முடியாதாகையால், மனம் தான் கண்டவற்றையும் கேட்டவற்றையும் இனம் இனமாகப் பிரித்து வைத்துக்கொள்கிறது. அதில் குற்றமில்லை. கேட்டது எது, கேளாமல் போனது எது என்று அது கணக்குப் பார்ப்பதில்லை என்பதே விபரீதம். கல்வராயன் மலையில் போலீசார் சாராய ஊறலைக் கவிழ்த்துக் கொட்டும் படம் பத்திரிகையில் வரும். சாமையும் மரவள்ளியும் பயிரிட்டு, கடுக்காய் பொறுக்கிச் சந்தைக்குக் கொண்டுவந்து, வேலை தேடித் தொலைதூரம் போய்த் திரும்பும், மலையாளி என்னும் மலைவாழ் குடியைச் சேர்ந்த குடும்பத்தின் படம் வருவதில்லை. அம்மலைகள் 1976ஆம் ஆண்டு வரையில் ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தன என்பதையும், சாலையும் பள்ளியும் வைத்தியமும் அங்கே காலந்தாழ்ந்தே போய்ச் சேர்ந்தன என்பதையும் எத்தனை பேர் அறிவார்கள்? நேர்மையான மலைவாசி ஒருவரைச் சந்தித்தாலும், 'இவர் விதிவிலக்கு' என்று சொல்லி, பழைய எண்ணத்தைப் பழுதுபடாமல் காப்பாற்றிக்கொள்கிறோம்.

கருணாபுரத்துக்கு வருவோம். அது மலையிலும் இல்லை, காட்டிலும் இல்லை. கள்ளக்குறிச்சி நகருக்குள்ளேயே, காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அருகில் இருக்கும் குடியிருப்பு. அங்கே மாண்டவர்களில் பெரும்பாலோர் அன்றாடக் கூலிக்கு உழைத்தவர்கள், பெண்களும் இருந்தனர். ஒரு வீட்டில் தாயும் தகப்பனும் இறந்து பிள்ளைகள் மட்டும் மிஞ்சினார்கள். மொத்தம் 65க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. கொன்றது வெல்லமும் வேலம்பட்டையும் போட்ட மலை ஊறல் அன்று, தம்பி; ஆலைகளில் கரைப்பானாகப் பயன்படும் மெத்தனால். அது சாராயத்திலிருந்து நிறத்தில் வேறுபடாது. குடிப்பவனுக்கு நாவும் மூக்கும் எச்சரிக்கை தருவதில்லை. உடலுக்குள் போன பின்னர் ஈரல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. பல மணி நேரம் கழித்தே வயிற்றுவலியும் கண்மங்கலும் தோன்றுகின்றன. பார்வை நரம்பு கெட்டுப்போகிறது. சாராயப் பாக்கெட்டை வாங்கியவனுக்கு அதில் இருந்தது இன்னதென்று தெரிய வழியே இல்லை.

இவ்வளவையும் விசாரித்து அறிவது சிரமம். 'குடித்தான், செத்தான்' என்பதோ இரண்டே வார்த்தை. அரசாங்கம் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் அறிவித்தபோது அதை எதிர்த்து வழக்குத் தொடரும் அளவுக்கு அந்த இரண்டு வார்த்தைக்கு வலிமை இருந்தது. தொகையைப் பற்றிப் பலவாறு வாதிக்கலாம். ஆனால், தாய் தகப்பனை இழந்த குழந்தைக்கும் அந்தக் குடிகாரப் பெயரே சூட்டப்பட்டதை என்னால் பொறுக்க முடியவில்லை. அதே ஆண்டு நவம்பரில் லாவோஸ் தேசத்தின் வாங் வியெங் என்ற ஊரில், உல்லாசப் பிரயாணம் வந்த அயல்நாட்டவர் ஆறு பேர் இதே மெத்தனால் கலந்த மதுவுக்குப் பலியானார்கள். உலகம் அவர்களுக்காக இரங்கியது, இரங்கியது சரியே. அவர்களைக் குடிகாரர்கள் என்று யாரும் ஒதுக்கவில்லை. நஞ்சு கலந்தவன் யார் என்றே எல்லோரும் கேட்டார்கள். கருணாபுரத்துக்கு ஏன் அந்தக் கேள்வி முதலில் எழவில்லை?

எழுந்தால் நம் நிம்மதி குலையும் என்பதே என் எண்ணம். செத்தவர்கள் ஒரு தனி ஜாதி மனிதர்கள் என்று நினைத்துக்கொண்டால், நமக்கு அது நேராது என்ற தைரியம் பிறக்கிறது. காவல் நிலையத்துக்குப் பக்கத்திலேயே விற்பனை நடந்தது எப்படி, மெத்தனால் எந்த வழியாக வந்தது என்று கேட்கும் பொறுப்பும் நம்மைவிட்டு நீங்குகிறது. இந்த லாபம் இருக்கும்வரையில், அறிவு எவ்வளவு எடுத்துச் சொன்னாலும் மனம் அந்த எண்ணத்தைக் கைவிட இசைவதில்லை. 'பாவம், அறியாத ஏழை ஜனங்கள்' என்று உச்சுக்கொட்டுகிறவர்களும் இதற்கு விலக்கல்லர். வசையை விட்டுப் பரிதாபத்தை எடுத்துக்கொண்டார்களே தவிர, அவர்களும் தனி மனிதர் எவரையும் காணவில்லை.

2024 நவம்பர் 20ஆம் தேதி சென்னை உயர்நீதிமன்றம் இந்தச் சாவுகள் பற்றிய வழக்கை சி.பி.ஐ. விசாரணைக்கு மாற்றியது. உன் தோழர்கள் அடுத்த முறை கேட்கும்போது கோபித்துக்கொண்டு போகாமல் உட்கார்ந்து இந்த விவரங்களைச் சொல். விடுமுறைக்கு வரும்போது கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைக்கு பஸ் ஏறு. அங்கே சாமை வயலில் நிற்கும் ஒருவரிடம் சாராயத்தைப் பற்றிக் கேட்காதே. இந்த ஆண்டு மழை எப்படி, பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்று கேட்டு, அவர் சொல்வதை எனக்கு எழுது.

அன்புடன்,
உன் அண்ணன்