சீம்பால் கன்றுக்கு, சோப்பு நமக்கு



டிரசர் மாட்டு வைத்தியம் பார்க்கக் கிளம்பிவிட்டாரா என்று சிரிக்காதீர்கள். மாட்டுக்கு வைத்தியம் பார்ப்பது கால்நடை இலாகாவின் வேலை. ஆனால் மாட்டுக் கொட்டகையில் தொடங்கும் சில நோய்கள் நம் வீட்டுக்குள்ளும் வந்துவிடுகின்றன. அதனால்தான் இந்த மாதம் கன்றுக்குட்டியைப் பற்றி எழுதுகிறேன். பால் பண்ணையில் வேலை செய்கிறவர்களுக்கும், லயத்துக்குப் பின்னால் சொந்தமாக ஒன்றிரண்டு பசு வைத்திருப்பவர்களுக்கும் இது பயன்படும்.

சில வருஷங்களுக்கு முன் நடந்த சம்பவம் இது. ஒரு வீட்டில் பசு ஈன்றது. கடன் பட்டு வாங்கிய பசு. சீம்பாலை முழுக்கக் கறந்து, சீனியும் ஏலக்காயும் போட்டு அவித்து, அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்தார்கள். நல்ல மனசுதான். ஆனால் கன்றின் வாய்க்கு மறுநாள் பால்தான் கிடைத்தது. எட்டாம் நாள் அது தண்ணீராகக் கழிய ஆரம்பித்தது. தகப்பனார் அதைக் கையாலேயே துடைத்துவிட்டு, வாளித் தண்ணீரில் கையை அலசிக்கொண்டு, ஓடிவந்த மூன்று வயது மகளைத் தூக்கிக்கொண்டார்.

ஒரு வாரம் கழித்து, இரவு பத்து மணிக்கு அந்தப் பிள்ளையை என்னிடம் கொண்டுவந்தார்கள். கண் குழி விழுந்திருந்தது, நாக்கு வறண்டிருந்தது, அழுதால் கண்ணீர் இல்லை. ஏதோ சாப்பாட்டுக் கோளாறு என்றுதான் நானும் நினைத்தேன். வீட்டில் கன்று இருக்கிறதா என்று கேட்கத் தோன்றவில்லை. அது என் தவறு. பெரிய ஆஸ்பத்திரியில் மலத்தைச் சோதித்தபோது, இளங்கன்றுகளின் கழிச்சலில் காணப்படும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற கிருமி இருந்தது. டிரிப் ஏற்றிப் பிள்ளை பிழைத்தது. கன்று பிழைக்கவில்லை.

இதில் இரண்டு பாடம் இருக்கிறது.

முதல் பாடம், சீம்பால். நம் பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே நோயை எதிர்க்கும் சக்தியில் ஒரு பங்கைத் தாயிடமிருந்து வாங்கிக்கொண்டு பிறக்கிறது. கன்றுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. பசுவின் நஞ்சுக்கொடி வழியாக அந்தச் சக்தி இறங்குவதில்லை. கன்று வெறுங்கையோடு பிறக்கிறது. அதற்கு வரவேண்டியதெல்லாம் சீம்பாலில்தான் இருக்கிறது. அதுவும் காத்திருக்காது. பிறந்த சில மணி நேரம்தான் கன்றின் குடல் அந்தச் சக்தியை அப்படியே உள்ளே வாங்கும். நேரம் ஆக ஆக வாசல் மூடிக்கொண்டே வரும். ஒரு நாள் முடிந்தால் கிட்டத்தட்ட மூடிவிடும். அதற்குப் பிறகு குடம் குடமாகக் கொடுத்தாலும் அந்தப் பலன் வராது.

ஆகவே, பிறந்த 2 மணி நேரத்துக்குள் முதல் சீம்பால் கன்றின் வயிற்றில் இருக்கவேண்டும். எப்படியும் 6 மணி நேரத்தைத் தாண்டவிடாதீர்கள். எவ்வளவு? கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு. 30 கிலோ கன்றுக்கு 3 லிட்டர். ஒரே மூச்சில் குடிக்காவிட்டால், கொஞ்ச நேரம் விட்டு மறுபடி கொடுங்கள். பசுவின் மடியைக் கழுவித் துடைத்த பிறகே கறக்கவேண்டும். கன்றின் தொப்புள்கொடியை டிங்சர் அயோடினில் நனையுங்கள். படுக்கும் இடம் ஈரமில்லாமல் காய்ந்திருக்கட்டும். கன்றுக்குப் போக மிஞ்சினால் தாராளமாக அவித்துச் சாப்பிடுங்கள், நான் தடுக்கவில்லை.

கன்று கழிய ஆரம்பித்தால் பாலை நிறுத்திவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. அது தப்பு. ஏற்கெனவே இளைத்த கன்று பட்டினியால் இன்னும் சாயும். பாலையும் கொடுங்கள், இடையிடையே கன்றுக்கென்று விற்கும் உப்புச்சத்துத் தூளைக் கரைத்தும் கொடுங்கள். கண் உள்ளே போனாலோ, எழுந்து நிற்க முடியாவிட்டாலோ, உடனே கால்நடை வைத்தியரைக் கூப்பிடுங்கள்.

இரண்டாவது பாடம், நம் கை. வாளியில் குடிக்கப் பழக்க, கன்றின் வாயில் விரல் விடுகிறோம். அதே விரலால் வெற்றிலை மடிக்கிறோம், சிகரெட் பற்றவைக்கிறோம், பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறோம். நோய் இப்படித்தான் ஏறுகிறது.

வெறும் தண்ணீரில் அலசுவது கழுவுவது ஆகாது. சோப்புப் போட்டு, நகத்துக்குள்ளும் விரல் இடுக்கிலும் நன்றாகத் தேய்த்து, ஓடும் தண்ணீரில் கழுவவேண்டும். கோவிட் காலத்தில் வாங்கி வைத்த சானிடைசர் இருக்கிறதே என்பீர்கள். நான் சொன்ன கிருமிக்கு அது பலிக்காது. குளோராக்ஸுக்கும் அது லேசில் சாவதில்லை. தேய்த்துக் கழுவி வெளியேற்றுவதுதான் வழி.

கொட்டகைக்குப் போட்ட பூட்ஸும் சட்டையும் வாசலுக்கு வெளியே நிற்கட்டும். சின்னப் பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் கழியும் கன்றின் பக்கம் விடாதீர்கள். கன்றுக்கு முத்தம் கொடுக்கப் பிள்ளைக்கு ஆசையாகத்தான் இருக்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள். பாலைப் பொங்கக் காய்ச்சாமல் குடிக்காதீர்கள். கன்றின் தோலில் வட்ட வட்டமாக முடி கொட்டியிருந்தால் அது படர்தாமரையாக இருக்கலாம், நமக்கும் ஒட்டும்.

பிள்ளைக்கு வயிற்றோட்டம் கண்டால் கிளினிக்கில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை, அதில் எழுதியிருக்கும் அளவுப்படி கரைத்துக் கொடுங்கள். கைவசம் இல்லையா? காய்ச்சி ஆறிய 1 லிட்டர் தண்ணீரில், தலைதட்டிய 6 தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் போட்டுக் கரையுங்கள். உப்பு கூடிவிடக்கூடாது. தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். சிறுநீர் குறைந்தாலோ, கண் குழி விழுந்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ, குடிக்க மறுத்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். எந்த நேரமானாலும் கதவைத் தட்டுங்கள். வந்தவுடன், "வீட்டில் கன்று இருக்கிறது" என்று நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.

பண்ணைத் தொழிலாளர்களுக்கு ஒரு வார்த்தை. கொட்டகைப் பக்கம் குழாயும் சோப்பும் பூட்ஸும் கேட்பது பிச்சை கேட்பதல்ல. 1994ஆம் ஆண்டு தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், தொழிலாளியின் சுகாதாரத்தைக் காக்கும் கடமையை முதலாளிமீது வைத்திருக்கிறது. இல்லையென்றால் சங்கப் பிரதிநிதியிடம் சொல்லுங்கள்.

அந்த வீட்டில் மறுபடியும் பசு ஈன்றது. இந்தத் தடவை கன்று குடித்து எழுந்த பிறகுதான் அந்தத் தாய் பாத்திரத்தை எடுத்தார். கொட்டகைத் தூணில் ஒரு சோப்பும் கயிற்றில் தொங்குகிறது. உங்கள் கொட்டகையிலும் ஒன்று தொங்கட்டும்.