கண் கெடும் முன்னே

"கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்" என்பது நம் நாட்டுப் பழமொழி. காலம் கடந்து செய்யும் முயற்சியை எள்ளுவதற்கு அதை வழங்குகிறோம். அப்பழமொழியைச் சொல்லுக்குச் சொல் மெய்யாக்கும் நோய் ஒன்று உண்டு. அதுவே கிளாக்கோமா எனப்படும் கண்ணழுத்த நோய். பல் கெட்டால் வலிக்கிறது. வயிறு கெட்டால் புரட்டுகிறது. காய்ச்சல் வந்தால் உடம்பு சுடுகிறது. இந்நோயிலோ பெரும்பாலும் வலி இல்லை, சிவப்பு இல்லை, நீர் வடிதலும் இல்லை. நோயாளி உணரும்போது பார்வையின் பெரும்பகுதி போயிருக்கும். போனது மீளாது.

"நாற்பது வயதுக்கு மேல் வரும் நோயைப் பற்றி இருபது வயது மாணவர்களுக்கு எதற்குக் கட்டுரை?" என்று நம் சங்கத்து நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்கு இரண்டு விடைகள் உண்டு. நம் பெற்றோர் அந்த வயதில் இருக்கிறார்கள் என்பது முதல் விடை. நம் வயதிலேயே இந்நோயைக் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளும் வழி ஒன்று தில்லியில் நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது என்பது இரண்டாவது விடை. இரண்டையும் விளக்குமுன், கண்ணுக்குள் நடப்பது என்ன என்று காண்போம்.

நம் கண்ணின் முற்பகுதியில் தெளிந்த நீர் ஒன்று இடையறாது சுரந்துகொண்டே இருக்கிறது. இது கண்ணீர் அன்று. கண்ணுக்கு உள்ளேயே சுரந்து உள்ளேயே வடிவது. நிமிடத்திற்கு 2 அல்லது 3 மைக்ரோலிட்டர் அளவே சுரக்கும். கருவிழியின் விளிம்பை ஒட்டி, சல்லடை போன்ற நுண்ணிய வடிகால் ஒன்று வட்டமாக அமைந்துள்ளது. அதன் வழியாக அந்நீர் இரத்தத்தில் கலக்கிறது. சுரப்பும் வடிப்பும் ஒத்திருக்கும்வரை கண்ணின் உள்ளழுத்தம் சீராக இருக்கும். பெரும்பாலோர்க்கு அது பாதரச அளவில் 10 முதல் 21 மில்லிமீட்டர் வரை. வீட்டுக் கிணற்றடியில் சாக்கடை அடைத்துக்கொண்டால் நீர் தேங்குவது போல, இவ்வடிகால் அடைத்தால் கண்ணுள் அழுத்தம் ஏறுகிறது. இந்த அழுத்தம் வேறு, கையில் பட்டி கட்டிப் பார்க்கும் இரத்த அழுத்தம் வேறு. இரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழம்புவோர் பலர்.

ஏறிய அழுத்தம் எங்கே தாக்குகிறது? கண்ணின் பின்புறத்திலிருந்து மூளைக்குச் செல்லும் பார்வை நரம்பைத் தாக்குகிறது. அந்நரம்பு ஏறத்தாழ 10 இலட்சம் மெல்லிய இழைகளால் ஆன கயிறு. அதன் இழைகள் ஒவ்வொன்றாக மாய்கின்றன. நரம்பு தொடங்கும் இடத்தில் இயல்பாகவே உள்ள சிறு குழிவு மெல்ல மெல்ல அகன்று ஆழமாகிறது. இக்குழிவைக் கண்டே மருத்துவர்கள் நோயை அறிகிறார்கள்.

இந்நோயில் முக்கியமான வகைகள் இரண்டு. முதல் வகையில் வடிகாலின் வாய் திறந்தே இருக்கும். ஆனால் உள்ளே நீர் எளிதில் இறங்காது. இது ஆண்டுக்கணக்கில் ஓசையின்றி வளரும். இரண்டாம் வகையில் கண்ணின் திரைச்சதை முன்னே வந்து வடிகாலின் வாயையே அடைத்துவிடும். இந்தியா உள்ளிட்ட ஆசிய நாடுகளில் இவ்வகை கணிசமாகக் காணப்படுகிறது. சிலருக்கு இது திடீரென்று நேரும். அப்பொழுது கண் சிவக்கும்; தலை பிளப்பது போல் வலிக்கும்; விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரியும்; வாந்தியும் வரும். இருட்டில் கண்மணி விரிவதால், திரைப்பட அரங்கில் அமர்ந்திருக்கும்போதுகூட இது தொடங்கலாம். ஒற்றைத் தலைவலி என்றும் பித்தம் என்றும் எண்ணிச் சுக்குக் கஷாயம் குடித்துப் படுத்துவிடலாகாது. மணிக்கணக்கில் பார்வை பறிபோகும் அவசர நிலை அது. இவ்வகையிலும் பலருக்கு வலியே இல்லாமல் நோய் மெல்ல வளர்வது உண்டு.

பார்வை குறைவது நோயாளிக்கு ஏன் தெரிவதில்லை? முதலில் போவது நடுப்பார்வை அன்று, ஓரப்பார்வை. நடுப்பார்வை இருக்கும்வரை செய்தித்தாள் படிக்கலாம். ஊசியில் நூல் கோக்கலாம். ஒரு கண் இழந்த பகுதியை மறு கண் ஈடுசெய்கிறது. அதற்கு மேலும் குறை இருந்தால் மூளை தானே இட்டு நிரப்பிக்கொள்கிறது. என் பெரியப்பா நெல்லைச் சீமையில் அஞ்சலக எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். நிலைப்படியில் தோள் இடித்துக்கொள்வார். வைத்த செம்பைக் கால் தட்டிவிடும். "கண்ணாடி பழசாப் போச்சு" என்று சொல்லி நான்கு ஆண்டில் மூன்று முறை கண்ணாடி மாற்றினார். ஒவ்வொரு முறையும் சுவரில் மாட்டிய எழுத்துகளைக் கடைசி வரிக்கு முந்திய வரி வரை தடையின்றிப் படித்தார். கண்புரை வந்திருக்குமோ என்று கண் மருத்துவமனைக்குச் சென்ற அன்றுதான் கிளாக்கோமா என்று தெரிந்தது. இடக்கண்ணில் எஞ்சியிருந்தது ஒரு குழாய் வழியே பார்ப்பது போன்ற பார்வை. வலக்கண்ணில் பாதி எஞ்சியிருந்தது. அந்தப் பாதியை மருந்தால் இன்றளவும் காத்து வருகிறார்.

இவர் போன்றோர் அரியர் அல்லர். 2003-இல் வெளியான அரவிந்த் மருத்துவமனையின் ஆய்வு, தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களில் 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுள் நூற்றுக்கு 2.6 பேருக்கு இந்நோய் இருப்பதைக் கண்டது. சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் சென்னையிலும் அதனை அடுத்த சிற்றூர்களிலும் பெரியதோர் ஆய்வை நடத்தினர். இவ்விரு ஆய்வுகளும் ஒன்றுபோல் சொன்ன செய்தி நம்மைத் திடுக்கிட வைக்கிறது. திறந்த வடிகால் வகை நோய் உள்ளவர்களுள் பத்தில் ஒன்பது பேருக்கு மேல், ஆய்வாளர் சொல்லும்வரை தமக்கு நோய் இருப்பதையே அறியாதவர்கள். இந்தியா முழுவதும் ஏறத்தாழ 1 கோடியே 12 இலட்சம் பேருக்கு இந்நோய் இருக்கலாம் என்று 2010-இல் மதிப்பிட்டனர்.

கண்புரையில் போன பார்வையை ஒரு சிறு அறுவையால் மீட்டுவிடலாம். மாய்ந்த நரம்பை மீட்கும் வழி இதுவரை இல்லை. ஆகவே எஞ்சியதைக் காப்பதே கிளாக்கோமா மருத்துவத்தின் நோக்கம். அம்முயற்சியின் வரலாற்றில் நம் சென்னைக்கும் ஓர் இடம் உண்டு. எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819-இல் தோன்றியது. உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளுள் ஒன்று. அதன் கண்காணிப்பாளராக இருந்த இராபர்ட் ஹென்றி எலியட் என்பவர், வெள்ளைவிழியும் கருவிழியும் கூடும் இடத்தில் நுண்ணிய வட்டத் துளையிட்டு, தேங்கிய நீருக்குப் புதுவழி திறக்கும் அறுவையை 1909-இல் செய்யத் தொடங்கினார். சென்னையில் செய்து தேர்ந்த அம்முறையைப் பல நாட்டு மருத்துவர்களும் பின்பற்றினர். 1968-இல் இங்கிலாந்தின் கெய்ர்ன்ஸ் வகுத்த திருத்தமான முறை அதன் இடத்தைப் பெற்றது. புதுவழி திறக்கும் கருத்து இன்றும் நிலைத்திருக்கிறது.

இன்று பெரும்பாலோர்க்கு அறுவை தேவைப்படுவதில்லை. நாள்தோறும் இடும் சொட்டு மருந்தோ லேசர் ஒளியோ போதும். ஸ்வீடன் நாட்டில் 255 நோயாளரை இரு பிரிவாக்கி நடத்திய ஆய்வின் முடிவு 2002-இல் வெளியாயிற்று. மருத்துவம் பெறாத பிரிவில் நூற்றுக்கு 62 பேருக்கு நோய் முற்றியது. பெற்ற பிரிவில் 45 பேருக்கே முற்றியது. அழுத்தம் எத்துணை குறைகிறதோ அத்துணை நரம்பு பிழைக்கிறது. ஆனால் சொட்டு மருந்து வாழ்நாள் முழுவதும் தொடர வேண்டியது. "வலியில்லையே" என்று நிறுத்திவிட்டவர்களே பெரிதும் இழந்தவர்கள். ஈழை நோய் உள்ளவர்கள் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சில சொட்டு மருந்துகள் அவர்களுக்கு ஆகா.

இனி, நோயைக் கண்டறியும் முறை. கண்ணாடிக் கடையில் எழுத்துப் படிப்பதால் இது தெரியாது. கண்ணின் உள்ளழுத்தத்தைக் கருவியால் அளக்க வேண்டும். வடிகாலின் வாய் திறந்துள்ளதா என்று பார்க்க வேண்டும். நரம்பின் குழிவை நேரில் நோக்க வேண்டும். ஐயம் எழுந்தால் பார்வைப் பரப்பையும் அளக்க வேண்டும். அழுத்தம் ஒன்றை மட்டும் நம்புவதும் தவறு. 21-க்குக் கீழேயே இருந்தும் நரம்பு நலிந்தவர்கள் பலர் உண்டு. இச்சோதனைகளில் வலியில்லை, ஒரு முற்பகல் நேரம் போதும்.

யார் யார் செய்துகொள்ள வேண்டும்? 40 வயது ஆனோர் அனைவரும். மிகுந்த கிட்டப்பார்வை உடையோரும் நீரிழிவு உடையோரும் முந்திக்கொள்வது நன்று. இந்நோய் உள்ளவரின் உடன்பிறந்தாரும் மக்களும் எல்லாருக்கும் முன்னே செல்ல வேண்டும். நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் நடந்த ஆய்வொன்று, அத்தகைய உறவினருக்கு மற்றவரைவிட ஏறத்தாழ ஒன்பது மடங்கு வாய்ப்பு இருப்பதாக 1998-இல் கணக்கிட்டது. ஆதலின் பெற்றோரின் கண்ணைப் பற்றிக் கேட்டறிவது நம் கண்ணைப் பற்றிக் கேட்டறிவதும் ஆகும்.

முன்பு சொன்ன இரண்டாவது விடைக்கு வருகிறேன். தில்லியின் வைகாசிப் புழுதியையும் கார்த்திகைப் புகையையும் நாம் அனைவரும் அறிவோம். கண் அரிக்கிறது, சிவக்கிறது. அறைத்தோழர் ஒரு சொட்டு மருந்தின் பெயரைச் சொல்கிறார். மருந்துக்கடைக்காரர் சீட்டுக் கேளாமல் தருகிறார். இரண்டே நாளில் அரிப்பு பறந்துபோகிறது. அம்மருந்தில் டெக்சாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன் என்ற பெயர்களுள் ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு. வாரக்கணக்கில் இட்டால் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் கண்ணழுத்தம் ஓரளவு ஏறும். நூற்றில் ஐந்தாறு பேருக்கு மிகவும் ஏறும். கண் வெளுத்து நலமாய்த் தோன்றும். உள்ளே நரம்பு மாயும். இவ்வாறு பார்வை இழந்த சிறுவரையும் இளைஞரையும் பற்றித் தில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் ஆய்வுக் கட்டுரைகள் எழுதியுள்ளனர். ஸ்டீராய்டு தீய மருந்து அன்று. மருத்துவர் அளவறிந்து தரும்போது கண்ணைக் காப்பதும் அதுவே. நாமே வாங்கி நாமே இடுவதுதான் கேடு. விடுதி அறையில் அத்தகைய குப்பி இருந்தால் இன்றே அதன் பெயரைப் படித்துப் பாருங்கள். பல வாரங்கள் இட்டிருந்தால் கண்ணழுத்தத்தை அளந்துகொள்ளுங்கள்.

அதற்கு நாம் வெகுதொலைவு செல்ல வேண்டியதில்லை. அன்சாரி நகரில் எய்ம்ஸ் வளாகத்துள் 1967-இல் தொடங்கிய டாக்டர் இராசேந்திர பிரசாத் கண் மருத்துவ மையம் இருக்கிறது. மௌலானா ஆசாத் மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த குரு நானக் கண் மையமும் இருக்கிறது. இரண்டும் அரசு நிறுவனங்கள். தலைநகரைக் காண வரும் பெற்றோரைக் குதுப்மினாருக்கு அழைத்துச் செல்லும் நாம், ஒரு முற்பகலை இதற்கும் ஒதுக்கலாம். ஊரிலேயே இருப்போருக்கு எழும்பூரும் மதுரையும் உண்டு. மாவட்டத் தலைநகர் மருத்துவமனைகளும் உண்டு.

நண்பர்களே, வீட்டுக்குத் தொலைபேசும்போது "சாப்பிட்டீர்களா? மழை பெய்ததா?" என்று கேட்கிறோம். இந்த வாரம் இன்னும் ஒரு கேள்வி கேளுங்கள்: "அம்மா, அப்பா, கண் மருத்துவரிடம் கண்ணழுத்தமும் நரம்பும் பார்த்து எத்தனை நாளாயிற்று?" "போன மாதம்தான் புதுக் கண்ணாடி போட்டோம்" என்று விடை வருமானால், அது விடையாகாது என்பதை அன்போடு எடுத்துச் சொல்லுங்கள்.