பாசியிற் கண்ட பாதரஸம்

ரஸாயன சாலையில் மாணவர் செய்து பார்க்கும் எளிய சோதனை ஒன்று உண்டு. பிளாட்டினக் கம்பியின் நுனியில் ஒரு துளி உப்புநீரை எடுத்துச் சுவாலையிற் காட்டினால், நீலச் சுவாலை உடனே பொன்மஞ்சள் நிறங் கொள்ளும். அவ்வொளியை முப்பட்டைக் கண்ணாடியின் வழியே செலுத்திப் பார்ப்போமாயின், வானவில்லின் ஏழு நிறங்களும் தோன்றா. நெருங்கி நிற்கும் இரண்டு மஞ்சட் கோடுகளே விளங்கித் தோன்றும். அவை ஸோடியம் என்னும் உலோகத்துக்கு உரிய கோடுகள். இங்ஙனம் ஒவ்வோர் உலோகத்துக்கும் தனித்தனிக் கோடுகள் உண்டென்பதை ஜெர்மனி தேசத்துப் பேராசிரியர்களாகிய பன்ஸனும் கிர்க்காபும் 1860-ம் ஆண்டில் விளக்கிக் காட்டினர். ஓர் அணு எந்நிற ஒளியை வெளிவிடுமோ, ஆவியாய் நிற்குங்கால் அந்நிற ஒளியையே உட்கொள்ளும் என்பதும் அவர் காலத்தில் தெளிந்த உண்மை. ஸூரிய ஒளியின் நிறமாலையிற் காணும் கருங்கோடுகள் இதனாலேயே உண்டாயின.

இவ்வித்தையின் பெருமையை அறிய மதுரை மாணவர் நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. நமக்கு வடமேற்கே நிற்கும் பழனி மலையில், கோடைக்கானல் வானாராய்ச்சி நிலையத்தில், 1909-ம் ஆண்டு எவர்ஷெட் என்பார் ஸூரியனிலுள்ள கரும்புள்ளிகளின் நிறமாலையை ஆராய்ந்தார். கோடுகள் இடம் பெயர்ந்திருத்தலைக் கொண்டு, புள்ளியின் நடுவிலிருந்து புறம் நோக்கி வாயுக்கள் ஓடுகின்றன என்று கண்டார். அவ்வியக்கம் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

கோடிக்கணக்கான மைலுக்கு அப்பாலுள்ள பொருளை ஆராய்ந்த அம்மலையிலேயே, காலடியில் கிடந்த பொருளையும் அதே வித்தையால் ஆராய வேண்டிய காலம் வந்தது. 1983-ம் ஆண்டில் பாண்ட்ஸ் கம்பெனியார் நிறுவி, பின்னர் ஹிந்துஸ்தான் லீவர் கம்பெனியார் வசமான தெர்மாமீட்டர் தொழிற்சாலை ஒன்று கோடைக்கானலில் இருந்தது. 2001-ம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், பாதரஸம் படிந்த உடைந்த கண்ணாடிகள் மூஞ்சிக்கற் பகுதியில் ஒரு பழைய சாமான் கடையிற் குவிந்து கிடக்கக் கண்டு மக்கள் கிளர்ந்தெழுந்தனர், தொழிற்சாலை மூடப்பட்டது. அதன் கீழே பாம்பார்ச் சோலை உளது. பாம்பாறு கும்பக்கரை அருவியாய் இறங்கிச் சமவெளியை அடைவது. ஆதலின் இது மலைவாசிகளுக்கு மாத்திரம் உரிய கவலையன்று.

பாதரஸ ஆவிக்கு நிறமில்லை, மணமில்லை. காற்றில் அது கலந்திருந்ததென்பதை எங்ஙனம் அறிவது? ஹைதராபாத்தில் பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஆய்வுகூடத்து விஞ்ஞானிகள், மரங்களிற் படர்ந்த லைக்கனையும் பாசியையும் சாட்சிகளாகக் கொண்டனர். லைக்கன் என்பது நம் வீட்டுக் குழம்புக்கு மணமூட்டும் கல்பாசியின் இனம். இவற்றுக்கு உண்மையான வேர் இல்லை. காற்றும் மழையும் கொணர்வனவற்றையே உண்டு, உலோகங்களைத் தம் உடலிற் சேமித்து வைக்கும்.

சோதனை முறை இது. பாசியை அமிலத்திற் கரைத்து, தகுந்த மருந்திட்டுப் பாதரஸத்தை ஆவியாக்கி, ஒரு குழாயினுட் செலுத்துவர். அக்குழாயின் வழியே 253.7 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளியைப் பாய்ச்சுவர். பாதரஸ அணுக்கள் அவ்வொளியை விழுங்கும். ஒளி எவ்வளவு குறைந்ததோ அதுகொண்டு உலோகத்தின் அளவு புலனாகும். ஸூரியனிற் கருங்கோட்டை விளைத்த நியமமே இக்கண்ணாடிக் குழாயிலும் ஆட்சி செய்கிறது. 2003-ம் ஆண்டில் வெளிவந்த முடிவின்படி, தொழிற்சாலையின் அருகிலெடுத்த லைக்கனிலும் பாசியிலும் பாதரஸம் மிகுதியாக இருந்தது. கோடை ஏரிக்கரை லைக்கனில் மிகக் குறைந்த அளவே. தொலைவிலுள்ள பேரிஜம் ஏரிப்புறத்திலோ பாதரஸம் சேர்ந்ததற்கு அறிகுறியே இல்லை. பேரிஜத்தின் அளவு இல்லையேல் மற்ற அளவுகள் வெறும் எண்களாய் நின்றிருக்கும். ஒப்பு நோக்கலே அவற்றுக்குப் பொருள் தந்தது.

உலோகம் உளது என்று அறிந்தோம். அது உயிருக்குச் செய்யும் தீங்கு யாது? நம் உயிரணுக்களில் பிராணவாயுவிலிருந்து ஆக்ஸிகரணிகள் இடையறாது தோன்றுகின்றன. கந்தகம் பொருந்திய குளுட்டத்தையோன் என்னும் பொருள் அவற்றை அடக்கிக் காக்கிறது. பாதரஸம் கந்தகத்தை விடாது பற்றும் இயல்பினது. ஆதலின் காவலனையே கட்டிப்போடுகிறது. அடக்குவாரின்றி ஆக்ஸிகரணிகள் உயிரணுச் சவ்விலுள்ள கொழுப்பைச் சிதைக்கும். அச்சிதைவிற் பிறக்கும் மலோன்டையால்டிஹைடை, தயோபார்பிட்யூரிக் அமிலத்தோடு சேர்த்துக் காய்ச்சினால் இளஞ்சிவப்பு நிறம் உண்டாம். அந்நிறம் 532 நானோமீட்டர் ஒளியை உட்கொள்ளும் அளவைக்கொண்டு சிதைவை மதிப்பிடலாம். எனினும், சிதைவு உண்டென்பதன்றி, அதைச் செய்தது யார் என்பதை அந்நிறம் கூறாது. உலோகத்தின் கோடும் இந்நிறமும் ஒருங்கே நோக்கத்தக்கன.

இனி மாணவர் மறவாது கொள்ளவேண்டிய எச்சரிக்கை ஒன்று உண்டு. அத்தொழிற்சாலையில் உழைத்தோர் பலர் தம் நோய்களுக்குப் பாதரஸமே காரணம் என்றனர், கம்பெனியார் மறுத்தனர். வழக்குப் பல்லாண்டு நீண்டு, 2016-ம் ஆண்டில் 591 முன்னாள் தொழிலாளருடன் உடன்படிக்கை ஏற்பட்டது. உடலிற் புகுந்த பாதரஸ ஆவியிற் பெரும்பகுதி, சில மாதங்களில் சிறுநீர் முதலியவற்றின் வழியே வெளியேறிவிடும். வேலையை விட்டுப் பல்லாண்டு கழிந்த ஒருவருடைய சிறுநீரைச் சோதித்தால் கருவி ஒன்றும் காட்டாதிருக்கலாம். அதனால் அவர் பாதரஸத்தை நுகர்ந்ததேயில்லை என்றோ, அவருடைய நரம்புக்கோ சிறுநீரகத்துக்கோ கேடு நேரவில்லை என்றோ முடிவு கட்டுவது பெரும் பிழையாகும். கோடு உண்டேல் உலோகம் உண்டு. கோடு இல்லையேல், சோதித்த அந்நாளில், சோதித்த அப்பொருளில், கருவிக்கு எட்டும் அளவில் உலோகம் இல்லை என்பது மாத்திரமே பெறப்படும்.

நம்மில் நாளை ஆய்வுகூடங்களில் அமர்ந்து இத்தகைய எண்களை எழுதப் போகிறவர் பலர். கருவி பொய் சொல்லாது. ஆனால் கேட்ட கேள்விக்கு மட்டுமே விடை சொல்லும். எதை, எங்கே, எந்நாளில் சோதிப்பது என்னும் கேள்வியைத் தக்க காலத்திற் கேட்பது நம் கடமை. அக்கடமை தவறினால், நுட்பமான கருவியும் ஏழைத் தொழிலாளிக்கு எதிர்ச்சாட்சியாய் நின்றுவிடும்.