அலுவலகத்துக்கு வரும் மோசடி மின்னஞ்சல்: அடையாளம் காண்போம், உடனே சொல்வோம்

நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் தோல் ஏற்றுமதி நிறுவனங்களிலும் கடைகளின் கணக்குப் பிரிவிலும் மருத்துவமனை அலுவலகங்களிலும் கணினி முன் அமர்ந்து வேலை பார்க்கிறார்கள். அவர்கள் கையாளும் பணமும் விவரங்களும் பிறருடைய அமானிதம். அதைக் குறிவைத்து வருவதுதான் 'ஃபிஷிங்' எனப்படும் மோசடி மின்னஞ்சல். தெரிந்த பெயரைத் தூண்டில் புழுவாக வைத்து, நம்மை லிங்க்கை அழுத்த வைப்பதே அதன் வேலை.

ஒரு மெயிலில் என்ன ஆகிவிடும் என்று நினைக்க வேண்டாம். 2015 ஜனவரியில் வங்காளதேசத்தின் மத்திய வங்கி ஊழியர்கள் சிலருக்கு, வேலை கேட்டுப் பணிவாக எழுதிய ஒரு மின்னஞ்சல் வந்தது. சுயவிவரத்தைப் பதிவிறக்கிப் பார்க்குமாறு அதில் கேட்டிருந்தார்கள். அந்த வழியாகத் திருடர்கள் வங்கியின் கணினிகளுக்குள் புகுந்தார்கள். ஓராண்டு கழித்து, 2016 பிப்ரவரியில், சுமார் 95 கோடி டாலரை எடுக்க முயன்றார்கள். 8 கோடியே 10 லட்சம் டாலர் பிலிப்பைன்ஸுக்குப் போய்விட்டது. இலங்கையில் ஓர் அறக்கட்டளையின் பெயருக்கு அனுப்பிய 2 கோடி டாலர் தப்பியது. 'ஃபவுண்டேஷன்' என்ற சொல்லில் எழுத்துப்பிழை இருந்ததை இடையிலிருந்த வங்கி கவனித்துக் கேள்வி கேட்டதே காரணம்.

அடையாளங்கள்

1. அனுப்பியவரின் பெயரை மட்டும் நம்பாமல் முழு முகவரியையும் எழுத்தெழுத்தாகப் பாருங்கள். ஆங்கில 'எம்' எழுத்துக்குப் பதில் 'ஆர்', 'என்' இரண்டையும் ஒட்டி வைத்தால் கண் ஏமாந்துவிடும்.

2. "உடனே அனுப்பு", "யாரிடமும் சொல்லாதே" என்று முதலாளி பெயரில் வந்தால் நிதானியுங்கள்.

3. "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் பணம் போடுங்கள்" என்று பழைய வாடிக்கையாளர் பெயரில் வந்தால் மிகவும் எச்சரிக்கையாக இருங்கள். அவர் மெயிலே திருடப்பட்டிருக்கலாம்.

4. பாஸ்வேர்டு, ஓடிபி கேட்கும் மெயிலுக்குப் பதில் தராதீர்கள்.

இப்போது மோசடி மெயில்கள் பிழையில்லாத ஆங்கிலத்திலும் வருகின்றன. நடை நன்றாக இருப்பதால் மட்டும் நம்பிவிட வேண்டாம்.

சந்தேகம் வந்தால்

லிங்க்கையும் இணைப்பையும் திறக்காதீர்கள். அந்த மெயிலில் உள்ள எண்ணுக்கு அழைக்காமல், உங்களிடம் முன்பே இருக்கும் எண்ணில் பேசி உறுதிப்படுத்துங்கள். மெயிலில் 'ரிப்போர்ட் ஃபிஷிங்' வசதி இருந்தால் அதை அழுத்துங்கள். கணினிப் பிரிவுக்கோ மேலாளருக்கோ சொல்லுங்கள். அதே மெயில் பக்கத்து மேசைக்கும் வந்திருக்கும்; நீங்கள் சொன்னால் அவரும் தப்புவார்.

அழுத்திவிட்டால்

மறைக்காதீர்கள். கணினியின் இணையத் தொடர்பைத் துண்டித்து, அலுவலகத்தில் உடனே சொல்லுங்கள். வேறொரு கருவியிலிருந்து பாஸ்வேர்டை மாற்றுங்கள். மெயிலை அழிக்காதீர்கள், அது சாட்சி. பணம் போயிருந்தால் வங்கிக்கும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் தாமதிக்காமல் தெரிவியுங்கள். பணம் கைமாறுவதற்கு முன் சொன்னால்தான் அதை முடக்கி வைக்க வழி உண்டு.

கடை, கம்பெனி நடத்தும் சகோதரர்களுக்கு

திட்டுவார்களோ, வேலை போய்விடுமோ என்று ஊழியர் பயந்து மௌனமாக இருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்கு லாபம். "தவறி அழுத்தினாலும் என்னிடம் சொல், கோபிக்க மாட்டேன்" என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சொன்ன பிள்ளையைப் பாராட்டுங்கள். கணக்கு எண் மாற்றம் எதுவானாலும் தொலைபேசியில் குரல் கேட்டு உறுதி செய்த பிறகே பணம் அனுப்புவது என்று விதி வையுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். வேலைக்குப் போகும் உங்கள் மகனிடமும் மகளிடமும் இன்றே கேளுங்கள்: "சந்தேகமான மெயில் வந்தால் ஆபீஸில் யாரிடம் சொல்வாய்?" பதில் தெரியாவிட்டால், நாளைக்கே விசாரித்து அந்தப் பெயரையும் எண்ணையும் எழுதி வைத்துக்கொள்ளட்டும்.